ரைடரைத் திட்டாதீங்க பாஸ்!

2 கோடியே 60 லட்சம் ரூபாய்க்கு மேல கொட்டிக் கொடுத்து ஒரு கபடி வீரரை வாங்கினா என்ன கிடைக்கும்? கப் கிடைக்கும்னுதானே நினைப்பீங்க? தெலுங்கு டைட்டன்ஸும் அப்படித்தான் நினைச்சாங்க. 2023 அக்டோபர் ஏலத்துல பவன் ஷெராவத்தை அந்த விலைக்குத் தூக்கினாங்க. புரோ கபடி லீக்ல அதுவரைக்கும் யாரும் அந்த விலைக்குப் போனதில்லை. பவனும் ஏமாத்தலை. அந்த பத்தாவது சீசன்ல ரைடு போயே 200 புள்ளிகளுக்கு மேல எடுத்துக் கொடுத்தார். ரிசல்ட்? 22 ஆட்டத்துல 2 வெற்றி. 12 அணிகள்ல 12-வது இடம்!

அதே ஏலத்துல ஈரான்காரர் ஒருத்தர், முகமதுரேசா ஷாட்லூயி, 2 கோடியே 35 லட்சத்துக்கு புனேரி பல்தானுக்குப் போனார். இவருக்கு முதல் வேலை பாடிப் போறது இல்லை, பிடிக்கிறது. லெஃப்ட் கார்னர். 2024 மார்ச் 1-ம் தேதி ராத்திரி கப்பைத் தூக்கினது புனே. அந்த அணியோட பிடி வரிசையில நம்ம தமிழ்நாட்டு அபினேஷ் நடராஜனும் இருந்தார். அடுத்த சீசன்ல ஷாட்லூயி ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு மாறினார். அந்த வருஷ கப் ஹரியானாவுக்கு!

'ரெண்டு சீசனை வச்சுக்கிட்டு முடிவு கட்டாதே'ன்னு எங்க ப்ராபபிலிட்டி மேடம் மாதிரி முறைக்கிறவங்களுக்கு, இன்னும் கேஸ் இருக்கு. வர்றேன். அதுக்கு முன்னாடி எங்க காலேஜ் கதையைச் சொல்லிடறேன். ஏன்னா இந்த விஷயம் என் மண்டைக்குள்ள ஏறினது டி.வி. பார்த்து இல்லை.

நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். எடை 49 கிலோ. இந்த உடம்போட கபடி கிரவுண்டுல இறங்கினா என்னைப் பிடிக்க ஏழு பேர் வேண்டாம், ஃபேனை ரெண்டு பாயின்ட் கூட வச்சாலே போதும். ஆனா தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்துட்டு கபடி வேண்டாம்னா ரேஷன் கார்டுல இருந்து பேரை எடுத்துடுவாங்க! தை மாசம் சம்பா அறுப்பு முடிஞ்ச வயல்ல கோடு போட்டு, கம்பத்துல லைட்டைக் கட்டி, விடிய விடிய மைக்ல கத்துற ஊர்கள் இது. தஞ்சாவூர்ல இருந்து மன்னார்குடி போற ரோட்டுல வடுவூர்னு ஒரு ஊர். 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுல கபடித் தங்கம் வாங்கின இந்திய அணியில அந்த ஊர்ப் பையன் ஒருத்தர் இருந்தார். அவர் பேரும் அபினேஷ்! (அந்தப் பேரை வச்சாலே கபடி வந்துடும் போல.) அதனால ஆட முடியாட்டியும் பக்கத்துலயாவது இருக்கணும்னு எங்க காலேஜ் டீமுக்கு ஸ்கோரர் ஆனேன். கையில ஸ்கோர் ஷீட், ரெண்டு கலர் பேனா, செல்போன்ல ஸ்டாப் வாட்ச்.

எங்க டீமோட ஸ்டார் ரைடர் எனக்கு ரூம்மேட். பேரு வேண்டாம், 'நம்மாளு'ன்னு வச்சுக்குவோம். பேராவூரணி பக்கம், காவிரித் தண்ணி வந்தா வரும் வராட்டி இல்லைங்கிற கடைமடை கிராமம். அப்பாவுக்கு ரெண்டு ஏக்கர் நிலம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட். ஃபீஸ்ல முக்கால்வாசி தள்ளுபடி. ஒரே கண்டிஷன், வருஷா வருஷம் டீம்ல ஆடணும். நம்மாளு உள்ளே போனா எதிர் டீம் கார்னர் ரெண்டு பேரும் ஒரு அடி பின்னால நகர்றதை நானே பார்த்திருக்கேன். அப்படி ஒரு காலு!

போன செப்டம்பர்ல மண்டலப் போட்டி, கால் இறுதி. முதல் அஞ்சு நிமிஷத்துல நம்மாளு நாலு பாயின்ட். காலேஜ் பஸ்ல வந்திருந்த கூட்டம் விசிலடிச்சுக் காதைக் கிழிச்சுது. ஆறாவது நிமிஷத்துல அவனை மடக்கிட்டாங்க. சரி, எல்லா ரைடரும் மாட்டுறதுதான். வெளியே வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தான்... உட்கார்ந்துக்கிட்டே இருந்தான்.

இங்கதான் கபடியோட முக்கியமான ரூல் வருது. டி.வி.யில பார்க்கிற நிறையப் பேருக்கு இது கண்ணுல படறதே இல்லை. அவுட் ஆகி வெளியே போன ஆள் தானா உள்ளே வர முடியாது. அவன் டீம்ல யாராவது எதிராளியைத் தொட்டு அவுட் ஆக்கணும், இல்லாட்டி பிடிச்சு அவுட் ஆக்கணும். ஒரு ஆள் அவுட்டுக்கு ஒரு ஆள் உள்ளே. போனஸ் பாயின்ட்டுக்கு அதுகூடக் கிடையாது. அதுவும் எந்த வரிசையில வெளியே போனாங்களோ அதே வரிசையிலதான் உள்ளே வரணும். ஸ்டார் ரைடரா இருந்தாலும் சரி, ரேஷன் கடை க்யூ மாதிரி முன்னாடி நிக்கிறவங்க முடிச்சாத்தான் இவன் முறை.

ஆக, மத்தவங்க பிடிக்கலைன்னா ரைடர் பெஞ்சுதான். விஷயம் அதோட முடியலை. நம்ம ஆளுங்க பிடியை விடுற ஒவ்வொரு தடவையும் எதிர் டீமுக்கு பாயின்ட் மட்டும் போகலை, அவங்க பெஞ்சுல இருந்து ஒரு ஆளும் உள்ளே வர்றான். நம்மாளு கஷ்டப்பட்டு ரெண்டு பேரைத் தொட்டு வெளியே அனுப்பினா, அடுத்த ரெண்டு ரைடுல அவங்க ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே திரும்ப வந்து நிக்கிறாங்க. நாலு பேர் நிக்கிற கோர்ட்டுல ஓடி ஆட வேண்டியவன், ஒவ்வொரு தடவையும் முழு ஏழு பேருக்கு நடுவுல போறான். கார்னர் காலைப் பிடிச்சா கவர் வந்து இடுப்புல மோதுவான், மத்தவன் மேல விழுவான். இது போதாதுன்னு டூ ஆர் டை ரைடு வேற. ரெண்டு ரைடு காலியாப் போனா மூணாவதுல பாயின்ட் எடுத்தே ஆகணும், இல்லாட்டி அவுட். அந்த மூணாவதுக்கு யாரை அனுப்புவாங்க? வேற யாரு!

அன்னிக்கு ராத்திரி ரூம்ல உட்கார்ந்து என் ஸ்கோர் ஷீட்டைத் திரும்பக் கூட்டினேன். நம்மாளு ஆட்டத்துல இருந்தது 31-வது நிமிஷம் வரை. அதுல கோர்ட்டுக்குள்ள நின்னது 17 நிமிஷம். வெளியே உட்கார்ந்தது 14 நிமிஷம். அதுவரைக்கும் எங்க டீம் மொத்தமாப் பிடிச்சது மூணே மூணு பேரை. இதுல ஒரு காமெடி: நம்மாளு ஒரு தடவை உள்ளே வந்ததே, எங்க டீம் ஏழு பேரும் அவுட் ஆகி லோனா போனதால! எதிர் டீமுக்கு ரெண்டு பாயின்ட் தானம் கொடுத்துட்டு, அந்தப் புண்ணியத்துல ஏழு பேரும் உள்ளே வந்தோம்.

31-வது நிமிஷத்துல என்ன நடந்துச்சு? கோர்ட்டுல எங்க ஆளுங்க மூணே பேர். அதுல நம்மாளும் ஒருத்தன். மூணு பேர்தான்னா ரைடரும் பிடிச்சாகணும், ஒதுங்கி நிக்க இடமே இல்லை. எதிர் ரைடர் ஆறடி உயரம். எங்க கார்னர் பையன் அவசரப்பட்டு முன்னாடியே பாய்ஞ்சு கோட்டை விட்டான். நம்மாளு குறுக்கே போய் நின்னான். ரைடர் ஒரு பக்கம் இழுக்க, எங்க ஆள் ஒருத்தனே இன்னொரு பக்கத்துல இருந்து அவன் கால் மேல விழ... 'டப்'னு ஒரு சத்தம். பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டுச்சு.

தஞ்சாவூர் மெடிக்கல்ல ஸ்கேன் எடுத்தாங்க. முட்டிக்குள்ள ஏ.சி.எல்.னு ஒரு தசைநார், அது கிழிஞ்சிருக்கு. ஆபரேஷன். அதுக்கப்புறம் ஓடி ஆட குறைஞ்சது ஒன்பது மாசம் ஆகும்னாங்க. 'ஒன்பது மாசமா?'ன்னு கேட்டுட்டு அவன் அப்பா ரொம்ப நேரம் பேசவே இல்லை. சம்பா நடவு நேரம் அது. ஆள் கிடைக்காம சனி, ஞாயிறுல மகன் வந்து நாத்துக்கட்டு தூக்குவான்னு இருந்தார். அப்புறம் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "தம்பி, ஆடலைன்னா ஃபீஸு முழுசாக் கட்டச் சொல்லிடுவாங்களாப்பா?"ன்னு கேட்டார். "அதெல்லாம் இல்லப்பா, பேசிக்கலாம்"னு சொன்னேன். யார்கிட்ட பேசறதுன்னு எனக்குத் தெரியாது.

இந்த நேரத்துல எங்க ஹாஸ்டல்ல ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஓடிச்சு: 'ஸ்டார் ரைடர் இல்லை, சொதப்பல் ரைடர்'. கீழே சிரிக்கிற பொம்மை நாலு. வச்சவன் ஆட்டத்தைப் பார்க்க வரவே இல்லை. ஸ்கோரைக் கேட்டிருக்கான், அவ்வளவுதான்.

நம்மாளு கால்ல பெல்ட்டைக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்க, நான் யூடியூப்ல ஏ.சி.எல். பத்தித் தேட ஆரம்பிச்சேன். தேடினா வந்து விழுந்ததெல்லாம் ஹெல்மெட் மாட்டின அமெரிக்கர்கள்! அங்கே ஃபுட்பால்னு ஒண்ணு ஆடறாங்க. பேருதான் ஃபுட்பால், பந்தைக் காலால உதைக்கிறது எப்பவாவதுதான். அதுல க்வார்ட்டர்பேக்னு ஒரு ஆள். ஹீரோ, போஸ்டர், விளம்பரம் எல்லாம் அவருக்குத்தான். பந்தை வாங்கி, யார் எங்கே ஓடறாங்கன்னு பார்த்து, ரெண்டு மூணு செகண்டுல எறியணும். அந்த நேரத்தை அவருக்கு வாங்கிக் கொடுக்கிறது முன்னாடி வரிசையா நிக்கிற அஞ்சு தடியர்கள். ஒவ்வொருத்தரும் எங்க ஊர் நெல்லு மூட்டை ரெண்டு சேர்ந்த சைஸ்! எதிராளிங்க பாய்ஞ்சு வரும்போது உடம்பாலயே சுவர் கட்டி நிறுத்தணும். அவங்கள்ல பெரும்பாலானவங்க பந்தையே தொடறதில்லை. ஸ்கோர் போர்டுல பேரு வராது. டி.வி.யில அவங்க பேரைச் சொன்னா, பெரும்பாலும் ஃபவுல் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம்.

அந்தச் சுவர் ஓட்டையா இருந்தா? 2002-ல ஹூஸ்டன் டெக்ஸன்ஸ்னு புது டீம். அந்த வருஷம் காலேஜ் வீரர்கள் தேர்வுல முதல் ஆளா டேவிட் கார்ங்கிற க்வார்ட்டர்பேக்கை எடுத்தாங்க. முதல் சீசன்லயே அவரைப் பந்தோட சேர்த்து 76 தடவை தரையில சாய்ச்சாங்க! ஒரே சீசன்ல யாருமே அவ்வளவு அடி வாங்கினதில்லை, இன்னிக்கு வரைக்கும் அதுதான் ரெக்கார்டு. எதிர்பார்த்த பெரிய ஸ்டாரா அவர் கடைசி வரைக்கும் வரவே இல்லை. 'அவரால முடியலை'ன்னுதான் எழுதினாங்களாம்? 76 தடவை விழுந்து எழுந்த ஆளுக்கு 77-வது தடவை பந்து கைக்கு வரும்போது கண்ணு எங்கே போகும்? ஃப்ரெண்டு ஓடற இடத்துக்கா, பாய்ஞ்சு வர்றவன் மேலயா?

சின்சினாட்டி டீமோட ஜோ பர்ரோ கதை இன்னும் நம்மாளுக்குப் பக்கம். 2020 நவம்பர்ல, முதல் சீசன்லயே இடது முட்டி போச்சு. அதே ஏ.சி.எல்.! திரும்பி வந்து அடுத்த சீசன்ல டீமை இறுதிப் போட்டி வரைக்கும் இழுத்துட்டுப் போனார். ஆனா சுவர் மாறலை. லீக் ஆட்டங்கள்லயே 51 தடவை சாய்ச்சாங்க. ஒரு நாக்-அவுட் ஆட்டத்துல 9 தடவை, அதுல தப்பிச்சு ஜெயிச்சாங்க. 2022 பிப்ரவரி, சூப்பர் பவுல் ஃபைனல்ல 7 தடவை. 23-20னு மூணே பாயின்ட்ல தோத்தாங்க. கடைசி சான்ஸ்லயும் பந்தைச் சரியா எறியறதுக்குள்ள ஒருத்தன் வந்து பிடிச்சுச் சுழட்டிட்டான். நம்மாளு அந்த வீடியோவை மூணு தடவை பார்த்தான். "மச்சி, இவனுக்கும் நம்ம டீம்தான்டா"ன்னான். அடிபட்டதுக்கப்புறம் அவன் சிரிச்சது அன்னிக்குத்தான்.

அமெரிக்கா எதுக்கு, நம்ம தமிழ் தலைவாஸையே எடுத்துக்குங்க. 2016 உலகக் கோப்பை ஃபைனல்ல ஈரானைக் கலங்கடிச்ச அஜய் தாக்கூர்தான் 2017-லயும் 2018-லயும் நமக்கு கேப்டன். ரெண்டு சீசன்லயும் ரைடுல 200 புள்ளிகளைத் தாண்டினார். ரெண்டு சீசன்லயும் தலைவாஸ் தன்னோட பிரிவுல கடைசி. 2018-ல மஞ்சித் சில்லர் மாதிரி பெரிய கை பின்னாடி இருந்தும் கரையேறலை. ஒரு ஆள் பாடறதும் ஒரு ஆள் பிடிக்கிறதும் ஏழு பேர் ஆட்டத்துக்குப் பத்தாதுங்கிறதுதான் என் கணக்கு.

அப்புறம் 2022. அதே பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு தலைவாஸ் வாங்கினாங்க. முதல் ஆட்டம், அக்டோபர் 8, குஜராத்தோட. பத்து நிமிஷம்கூட நிறையலை, முட்டியைப் பிடிச்சுக்கிட்டுச் சாய்ஞ்சார். ரைடு போன இடத்துல இல்லை பாஸ், எதிர் ரைடரைப் பிடிக்கப் போன இடத்துல! சீசனே முடிஞ்சுது அவருக்கு. 'தலைவாஸ் கதை அவ்வளவுதான்'னு எங்க ஊர் டீக்கடையில எல்லாரும் கைகழுவிட்டாங்க. நடந்தது என்ன? தலைவாஸ் முதல்முறையா அரையிறுதிக்குப் போனது அந்த சீசன்லதான். நரேந்தர்னு ஒரு புதுப் பையன் ரைடுல 240 புள்ளிகளைத் தாண்டினான். பையன் திறமைசாலிதான், அதுல சந்தேகமில்லை. ஆனா கார்னர்ல சாகரும் சாஹில் குலியாவும், கவர்ல நம்ம எம். அபிஷேக்கும் இருந்தாங்க. அவன் வெளியே போனா கூட்டிட்டு வர ஆள் இருந்துச்சு. (நியாயமாச் சொல்லணும்னா, அதுக்கு முந்தின சீசன்ல சாகர் பிரமாதமாப் பிடிச்சும் தலைவாஸுக்கு 11-வது இடம்தான் கிடைச்சது. அப்ப பாட ஆள் சரியா அமையலை. பிடி மட்டும் இருந்தா போதும்னு நான் சொல்ல வரலை.)

எங்க காலேஜ்ல பிடி ஏன் ஓட்டை? காரணம் ரொம்ப சிம்பிள். ஸ்போர்ட்ஸ் கோட்டா செலக்‌ஷன்ல வர்ற எல்லாரும் ரைடு போய்க் காட்டுவாங்க. பார்க்கிறவங்களுக்கும் அதுதான் கண்ணுல படும். அப்படியே ரைடரா எடுத்து எடுத்து, டீம்ல ரைடு போகத் தெரிஞ்சவங்க அஞ்சு பேர், கார்னர் நிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன்கூட இல்லை. அந்தக் கால் இறுதியில லெஃப்ட் கார்னர் நின்னவன் போன வருஷம் வரைக்கும் ஹாஸ்டல் மெஸ்ல வாலி தூக்கிக்கிட்டிருந்தவன். 'உயரமா இருக்கே, வாடா'ன்னு கூட்டிட்டுப் போனாங்க. அவனைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை. எங்களுக்கு மேட் கிடையாது. கட்டாந்தரையில சரளைக்கல்லு. காலைப் பிடிக்கணும்னா முழு உடம்பையும் தரையோட தரையா வீசணும். அந்தத் தரையில தினமும் யார் வீசுவா? அதனால பிராக்டீஸ்ல எல்லாரும் ரைடு போவாங்க, பிடிக்கிறவங்க சும்மா தொட்டுட்டு விட்டுடுவாங்க. மேட்ச்ல மட்டும் திடீர்னு பிடி எங்கிருந்து வரும்?

இந்த விஷயத்துல எங்க ஊர்க் கிராமத்து டோர்னமென்ட் எவ்வளவோ மேல். அங்கே பரிசு மேஜையில ரெண்டு குக்கர் இருக்கும். ஒண்ணு பெஸ்ட் ரைடருக்கு, ஒண்ணு பெஸ்ட் கேட்சருக்கு. ரெண்டும் ஒரே சைஸ்! மைக் அண்ணனும் பாரபட்சம் பார்க்க மாட்டார். கார்னர்ல ஒரு கால் பிடி விழுந்துட்டா, பிடிச்சவன் பேரு, ஊரு, அவன் மாமா பேரு வரைக்கும் சொல்லிட்டுத்தான் அடுத்த ரைடுக்கே வருவார். எங்க காலேஜ் ஆண்டு விழாவுல ஷீல்டு ஒண்ணே ஒண்ணு. யாருக்குன்னு நான் சொல்லணுமா?

நம்மாளுக்கு ஆபரேஷன் முடிஞ்சாச்சு. இப்ப கிரவுண்டு ஓரமா நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜூனியர்ஸுக்கு 'பாயாதே, அவன் கால் தரையில படற வரைக்கும் காத்திரு'ன்னு கத்திக்கிட்டிருக்கான். ஃபீஸ் விஷயம் இன்னும் ஆபீஸ் ஃபைல்ல தூங்குது. 'பரிசீலனையில இருக்கு'ன்னு ஒரே பதில். நானும் அவனும் சேர்ந்து ஸ்கோர் ஷீட்டுல ஒரு புதுக் கட்டம் போட்டிருக்கோம்: 'ரைடர் வெளியே இருந்த நேரம்'. கால் இறுதி ஷீட்டை அந்தக் கட்டத்தோட எழுதி பி.டி. சார்கிட்ட கொடுத்தேன். 'இவன் எதுக்குடா டீம்ல'ன்னு இதுவரைக்கும் என்னைப் பார்த்தவர், முதல் தடவையா உட்காரச் சொன்னார். ரொம்ப நேரம் பார்த்தார். "14 நிமிஷமாடா?"ன்னார்.

மறுநாள் நோட்டீஸ் போர்டுல பேப்பர் ஒட்டிட்டாங்க: 'கபடி அணிக்கு கார்னர், கவர் வீரர்கள் தேவை. கேட்சர்கள் மட்டும் பெயர் கொடுக்கவும்.' பேரு எழுதுற நோட்டு என்கிட்டதான் இருக்கு. இதுவரைக்கும் 11 பேர் கொடுத்திருக்காங்க. அதுல 9 பேர் 'பொசிஷன்'கிற கட்டத்துல எழுதியிருக்கிறது: ரைடர்.